இடது பக்கப் பச்சை

மதியப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி முன்னறைக்கு வந்தபோதுதான் மெக்கானிக் அதைக் கவனித்தான். கட்டிலில் கிடந்த மச்சினனின் கண்கள் கூரையில் எதையோ பின்தொடர்ந்துகொண்டிருந்தன.

ஈயாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தான். ஈ இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. சுண்ணாம்பு உரிந்த வெள்ளைக் கூரை மட்டும்தான். ஆனால் அந்தக் கண்கள் ஜன்னல் ஓரத்தில் தொடங்கி, சுவரை ஒட்டியபடி கதவு வரை நேராகப் போய், அங்கே மெல்ல வளைந்து, அலமாரிக்கு மேலாக ஊர்ந்து, மறுபடி வளைந்து ஜன்னலுக்கே வந்து சேர்ந்தன. அவசரமில்லை, தடுமாற்றமில்லை. ஜன்னலை எட்டியதும் கொஞ்சம் தாழ்ந்தன, ஒரு நொடி தயங்கின, பிறகு மேலே ஏறி முதலிலிருந்து தொடங்கின.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு பத்து. கண்கள் ஒரு சுற்று முடித்து வர நான்கு நிமிடம் ஆயிற்று. அடுத்த சுற்றும் நான்கு நிமிடம்.

இருபத்திரண்டு வருடம் அந்தச் சின்ன விமானத் திடலில் கிரீஸில் ஊறியவன் அவன். ஓடுபாதையை ஒட்டி ஒரு பயிற்சி விமானம் சுற்றி வர எவ்வளவு நேரமாகும் என்று அவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

நான்கு நிமிடம்.

துண்டை எடுத்து மச்சினனின் கண்களை மூடினாற்போல நெற்றியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டான்.

மச்சினன் என்றால் பெண்டாட்டியின் ஒரே தம்பி. தாய் செத்தபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பதினைந்து. "கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு ஒரு பிள்ளை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு வேறு பிள்ளை பிறக்கவுமில்லை. அக்காவைக் கட்டியவனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் முதன்முதலாக விமானக் கொட்டகைக்குள் வந்தான். அத்தான் தொட்டால் மிஷின் பேசும் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வான். வளர்ந்து, விமானம் ஓட்டக் கற்று, அதே திடலில் பயிற்சி ஆசிரியனாகவும் ஆனான். மெக்கானிக் கையெழுத்துப் போட்ட விமானத்தில் ஏறும்போது மட்டும் அவன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. "அத்தான் பார்த்தாச்சுல்ல, அப்புறம் என்ன?"

மூன்று மாதத்துக்கு முன்பு நடந்தது இதுதான். நான்கு இருக்கை விமானத்தின் இடது சக்கரக் காலில், கால் மடங்காமல் பூட்டிப் பிடிக்கும் போல்ட் தேய்ந்துபோயிருந்தது. வந்த புது போல்ட் ஒரு நூல் குட்டை. திருப்பி அனுப்பினால் பத்து நாள். மறுநாள் பறக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளிக்காரர் கழுத்தில் கத்தி வைத்தார். மெக்கானிக் பழைய போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவினான். வெள்ளி நிறப் பெயின்ட் ஒரு பூச்சு. அதையே மாட்டி இறுக்கிவிட்டு, பராமரிப்புப் புத்தகத்தில் 'புதிய போல்ட் பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முன்பும் இப்படிச் செய்திருக்கிறான். ஒன்றும் ஆனதில்லை.

மறுநாள் மாலை நாலு பத்துக்கு டவரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். படியேறி அந்தக் கண்ணாடி அறைக்குள் போனபோது ரேடியோவில் மச்சினனின் குரல் சாவகாசமாகக் கேட்டது.

"டவர், இடது பக்கம் பச்சை எரியல. மத்த ரெண்டும் எரியுது. பல்பை மாத்திப் பார்த்துட்டேன். அத்தான் இருக்காரா? அவரைக் கேளுங்க."

மூன்று சக்கரத்துக்கு மூன்று பச்சை விளக்கு. கால் இறங்கிப் பூட்டி, அங்கிருக்கும் சுவிட்சை அழுத்தினால்தான் எரியும். டவர்க்காரர் விமானத்தைத் தாழ்வாகப் பறக்கச் சொல்லித் தொலைநோக்கியில் பார்த்தார். மூன்று காலும் தொங்கின. பூட்டியிருக்கிறதா என்பது தொலைநோக்கியில் தெரியாது. அது அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வழி இருந்தது. சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு புல்தரையில் வயிற்றால் இறங்கினால் விமானம் நாசமாகும், ஆள் பிழைக்கும். ஆனால் அப்புறம் விமானத்தைத் தூக்கி நிறுத்தி, இடது காலைக் கழற்றுவார்கள். வெள்ளிப் பெயின்ட்டைச் சுரண்டுவார்கள்.

மெக்கானிக் மைக்கை வாங்கினான். அவன் யோசித்தது நான்கு நிமிடம் இருக்கும். விமானம் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது.

"சுவிட்சுதான்டா. ஒரு மாசமா மக்கர் பண்ணிட்டிருக்கு. கால் பூட்டிடுச்சு. பயப்படாம இறங்கு."

"சரி அத்தான்."

இடது இருக்கையில் பயிற்சிக்கு வந்த பத்தொன்பது வயதுப் பெண் இருந்தாள். தரை தொட்டதும் இடது கால் மடங்கியது. இறக்கை தரையை உழுதது. விமானம் பம்பரமாகச் சுழன்று, ஓடுபாதையோரக் கான்கிரீட் வாய்க்காலில் இடது பக்கமாக மோதிக் கவிழ்ந்தது. அந்தப் பெண்ணை வெளியே எடுக்க இரவு வரை ஆயிற்று. மச்சினன் கழுத்தொடிந்து, கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல், தொண்டையில் துளையும் துளையில் குழாயுமாகப் பிழைத்தான்.

கால் நொறுங்கிய நொறுங்கலில் போல்ட் கிடைக்கவில்லை. விளக்கு எரியாதது சுவிட்ச் கோளாறு, பயிற்சிப் பெண் முரட்டுத்தனமாக இறக்கியதுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக்காரர்கள் சொன்னபோது மெக்கானிக் தலையாட்டினான். அவளுடைய அப்பா அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். "எம்பொண்ணாலயா?" என்று கேட்டார். மெக்கானிக் அதற்கும் தலையாட்டினான்.

*

திடல் மூடிக்கிடந்தது. பெண்டாட்டி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க மச்சினனைப் பார்த்துக்கொள்வது அவன் பாடு. குழாய் வழியாகக் கஞ்சி, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, சளியை உறிஞ்சும் மிஷின். டெட்டாலும் பழைய சளியும் வேகவைத்த துணியும் கலந்த ஒரு வாடை வீட்டுச் சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் எல்லாம் செய்ய வேண்டும்.

கூடவே இன்னொன்றும் இருந்தது. டாக்டர் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி கொடுத்திருந்தார்.

"தினமும் ரெண்டு மணி நேரம் இதைக் குழாய் வாயில மாட்டுங்க. மூச்சு தொண்டை வழியா மேல வரும். பழகப் பழகப் பேச்சு வந்துடும்."

பெண்டாட்டி ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். கஞ்சி, புரட்டல், சளி, மூடி. செய்ததும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மெக்கானிக் மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். மூடியை மட்டும் ஒரு நாளும் மாட்டவில்லை. டிக் அடித்தான். கையெழுத்துப் போட்டான்.

"இன்னிக்கும் சத்தம் வரலையாங்க?" என்று அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"மாட்டித்தான் வச்சேன். வெறும் காத்துதான் வருது."

"எல்லாருக்கும் வருதுன்னாங்களே."

"அவனுக்கு வரலைன்னா நான் என்ன பண்ணட்டும்?"

மச்சினன் அப்போதெல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். கோபமில்லாத பார்வை. நம்பிக்கையோடு, எதற்கோ காத்திருப்பது போல. அந்தப் பார்வையைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கண்கள் சுற்றத் தொடங்கியது மூன்றாவது மாதத்தில். முதலில் நாலு பத்துக்கு இரண்டு சுற்று. பிறகு ஐந்து. பிறகு இருட்டும் வரை. மெக்கானிக் கட்டிலைத் திருப்பிப் போட்டான். கண்களும் திசை மாறின, வட்டம் மாறவில்லை. ஜன்னலைச் சாத்தித் திரை போட்டான். சாத்திய ஜன்னலை நோக்கி அதே போலத் தாழ்ந்தன. ஒரு நாள் கண்கள் கதவுக்கு மேல் வளையும்போது, அடுப்படியில் நின்றிருந்த மெக்கானிக் தன்னையறியாமல் இடது பக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்தான். தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டான். சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தவள் மூடியை டப்பாவிலிருந்து எடுத்தாள். அதன் பாலித்தீன் உறை பிரிக்கப்படவே இல்லை. உறையை ஒரு நொடி பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இது... வேறயா?"

"அது உபரி. பழசு உடைஞ்சிடுச்சு."

மூடியைக் கழுவி மாட்டினாள். தம்பியின் நெற்றியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான். மூன்று மணி. மூன்றரை. குழாயில் காற்று அடைபட்டு, தொண்டையில் ஏதோ கொழகொழத்தது. நாலு பத்துக்குக் கண்கள் கூரைக்கு ஏறின. உதடுகள் பிரிந்தன. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு குரல்.

"டவர்... இடது பக்கம்... பச்சை எரியல."

"பேசுறான்!" அவள் அலறிவிட்டாள். "என்னங்க, வாங்க! பேசுறான்ங்க!"

"அத்தான் இருக்காரா? அவரைக் கேளுங்க."

"இதோ இருக்காருடா ராஜா, இதோ! சொல்லுங்களேன், உங்களைத்தான் கேக்குறான்."

மெக்கானிக் சுவரோடு ஒட்டி நின்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அவன் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்தாள். மச்சினனின் கண்கள் வளைந்து அவன் மீது வந்து நின்றன. அதே நம்பிக்கை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். வாய்க்கு அது ஒன்றுதான் வந்தது.

"சுவிட்சுதான்டா. கால் பூட்டிடுச்சு. பயப்படாம இறங்கு."

"சரி அத்தான்."

அந்த முகத்தில் நிம்மதி பரவியது. கண்கள் கடைசி வளைவில் திரும்பி, ஜன்னலை நோக்கித் தாழ்ந்தன, இன்னும் தாழ்ந்தன. பிறகு, கழுத்துக்குக் கீழே செத்துப்போன அந்த உடம்பு வில்லாக வளைந்து எழும்பியது. கட்டில் தரையில் உராய்ந்து சுழன்றது. குழாயிலிருந்து மூடி தெறித்து, ரத்தம் சுவரில் பட்டது. மச்சினன் அலறியது ஒரே ஒரு நொடிதான். அதில் ஒரு பெண்ணின் அலறலும் கலந்திருந்ததாக மெக்கானிக்குக் கேட்டது.

டாக்டர் வந்து ஊசி போட்டார். "விபத்துதான் உள்ள திரும்பத் திரும்ப ஓடுது. அவர் கேட்டா பதில் சொல்லாதீங்க. தானா அடங்கிடும்."

"அதென்னங்க சுவிட்சு?" என்று அன்றைக்கு ராத்திரி அவள் கேட்டாள். அவன் தூங்குவதுபோலக் கிடந்தான்.

*

திங்கட்கிழமை மூடியை மாட்டாமலே குரல் வந்தது.

மெக்கானிக் வெளித் திண்டில் உட்கார்ந்திருந்தான். உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லவில்லை. ஐந்து மணி, ஐந்தரை. குரலில் பதற்றமில்லை, சலிப்பில்லை. நான்கு நிமிடத்துக்கொரு தரம்.

"பச்சை எரியல. அத்தானைக் கேளுங்க."

"பச்சை எரியல. எரிபொருள் பாதி இருக்கு. அத்தானைக் கேளுங்க."

செவ்வாய்க்கிழமை எரிபொருள் கால்வாசி என்றது. செவ்வாய்க்கிழமைதான் இன்ஜின் சத்தமும் முதலில் கேட்டது. தெருவில் எங்கோ தையல் மிஷின் ஓடுவதுபோல முதலில் லேசாக. பிறகு கூரைக்கு மேலே. ஜன்னல் பக்கம் நெருங்கி, கதவுப் பக்கம் தேய்ந்து, மறுபடி நெருங்கி. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. பெட்ரோல் வாடை, சூடான ரப்பர் வாடை. பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நாலு பத்துக்கு மெக்கானிக்கே உள்ளே போனான். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. முகம் மழிக்கவில்லை. இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து மச்சினனின் காதருகே குனிந்தான்.

"பச்சை எரியல அத்தான். எரிபொருள் தீரப்போகுது."

"இறங்காதடா." தன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. "சக்கரத்தை மேல இழு. புல்லுல வயித்தால இறக்கு. போல்ட் பழசுடா. நான்தான் மாட்டினேன். பெயின்ட் அடிச்சு மாட்டினேன்."

கண்கள் சுழன்றன.

"அத்தான், சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

"இறங்காத! கால் பூட்டல!"

"சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

"போல்ட் பழசு! பொய் எழுதினேன்! உன்னையும் அந்தப் பொண்ணையும் நான்தான்டா கொன்னேன்! கேக்குதா? கேக்குதாடா?"

கத்தினான். தோளைப் பிடித்து உலுக்கினான். மூன்று மாதம் விழுங்கி வைத்த உண்மையெல்லாம் வெளியே கொட்டியது. ஒரு சொல்கூட அங்கே போய்ச் சேரவில்லை.

"சரியாக் கேக்கல அத்தான்."

பின்னால் செருப்புச் சத்தம்.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். கைப்பை இன்னும் தோளில். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, எல்லாமே கேட்டுவிட்டாள்.

"இங்க பாரும்மா..." என்று ஆரம்பித்தான்.

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். அழவில்லை, கத்தவில்லை. தம்பியின் தலைமாட்டுக்குப் பின்னால் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க."

"வேணாம். அவன் செத்துடுவான்."

"அவன் செத்து மூணு மாசம் ஆச்சு. சொல்லுங்க. நானும் கேக்கணும்."

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. இடது தோளிலிருந்து இடுப்பு வரை ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது. குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. சட்டை மட்டும் குறுக்காகச் சுருங்கி, சதைக்குள் பள்ளமாக அமுங்கியிருந்தது.

மச்சினன் தலையைத் திருப்பினான். திருப்ப முடியாத தலை. நாற்காலியைப் பார்த்தான். மெக்கானிக்கைப் பார்த்தான். பயிற்சிக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலக் கனிவாகச் சிரித்தான்.

"பயப்படாதம்மா. புதுசா வர்ற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். அத்தான் பார்த்துக்குவார்."

தரை சாய்ந்தது. இடது பக்கம். மேசையிலிருந்த மருந்துப் புட்டிகள் நகர்ந்தன. அறை முழுக்க இன்ஜின் சத்தம். பல்லுக்குள் அதிர்ந்தது. ஒரு இருமல். இன்னொரு இருமல்.

நின்றது.

காற்றின் ஓசை மட்டும்.

"எரிபொருள் தீர்ந்துபோச்சு அத்தான்."

ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர் இல்லை. சாய்ந்த வானம். அதன் கீழ், நீளமாய், சாம்பல் நிறமாய், மெல்ல எழும்பி வந்தது ஓடுபாதை. ஓரத்தில் கான்கிரீட் வாய்க்கால். இடது ஓரத்தில். அவன் பக்கம்.

பெஞ்சில் அவள் இரண்டு கைகளாலும் இடுப்பில் எதையோ பற்றி இழுத்து இறுக்கிக்கொண்டாள். புடவை அங்கே கொத்தாகச் சுருங்கியது.

"சொல்லுங்க" என்றாள்.

இறங்காதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். முழு மனதோடு. உயிரைக் கொடுத்து.

"சுவிட்சுதான்டா" என்றது வாய். "பூட்டிடுச்சு. பயப்படாம இறங்கு."

"சரி அத்தான்."

மூன்று மாதமாக அசையாத வலது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. விமானம் ஓட்டும் கைப்பிடியைப் பற்றுவதுபோல வெறும் காற்றில் எதையோ இறுகப் பற்றியது. நிதானமாக, பாசத்தோடு, முன்னால் தள்ளியது.